கிழிந்த வலைக்குப் பங்கு

என் பெரிய மகள் வேலை செய்கிற ஆபீசில் ஒருவர் தன் அண்ணனுக்குக் கிட்னி கொடுத்தாராம். அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்து, போக்குவரத்துச் செலவையும் ஏற்றுக்கொண்டார்களாம். ஏதோ வானத்திலிருந்து இறங்கிய புது விஷயம் போல மகள் வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் நான் எண்பதுகளிலேயே வாங்கிவிட்டேன், போய் வேலையைப் பார் என்றேன். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள், வரும்போது பன் வாங்கி வந்தாள் என்பது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கு லீவு கொடுத்தது கம்பெனி இல்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு சின்ன மீனவ ஊர். அதுவும் தானாகக் கொடுக்கவில்லை. நான் கேட்டு வாங்கினேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது.

நான் மீன் விற்கிறவள். விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, கூடையில் போட்டுத் தலையில் வைத்து, பழவேற்காட்டுக்கு நடந்து, பொன்னேரி பஸ் ஏறி, மார்க்கெட்டில் என் இடத்தில் உட்கார்ந்து விற்றுவிட்டுத் திரும்புவேன். பஸ்ஸில் எங்களுக்குக் கடைசி சீட். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே டிக்கெட் கொடுப்பார், இறங்கும்போது நல்ல நண்டு இருக்கிறதா என்று கேட்பார். என் வீட்டுக்காரர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். என் தலையில் கூடை ஏறினால்தான் எங்கள் வீட்டு அடுப்பில் பானை ஏறும். அதில் எனக்கு வருத்தமே இல்லை. யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டேன்.

எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று முறை இருக்கிறது. அதற்குப் பாடு என்று பேர். பாடு வருகிற நாளில் ஒரு படகு, ஒரு வலை, சில ஆட்கள் சேர்ந்து போவார்கள். வந்த மீனைப் பிரிக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கூட்டாளி ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போய்விடும். இன்னொரு முறையும் உண்டு. ஒருவனிடம் இரவல் வாங்கிய வலை தொழிலில் கிழிந்துபோனால், அதைத் தைத்து மறுபடி தண்ணீரில் இறக்குகிற வரை வலைக்காரன் வீட்டுக்குப் பங்கு போகும். அதை யாரும் வாடகை என்று சொல்ல மாட்டார்கள். எங்களால் உன் பிழைப்பு நின்றது, அது மறுபடி ஓடுகிற வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம்.

இவ்வளவு அழகான முறையில் பெண்களுக்கு மட்டும் இடமில்லை. மீன் பிடிக்கிறவனுக்குப் பங்கு உண்டு. விற்கிறவளுக்கு அன்றைக்கு விற்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் தம்பி அப்படிப் பாடு போகிற ஒரு கூட்டில் ஆள். சும்மா ஆள் இல்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இறால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவான். அவன் சொன்ன பக்கம் வலை விட்டுத்தான் அவன் கூட்டாளிகள் கூரை வீட்டுக்கு ஓடு போட்டார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு மழைக்காலத்தில் முகம் ஊதிக்கொண்டது. பிறகு கால். உப்புத் தண்ணீரில் நிற்பதால் என்று ஒருவர், காத்து கருப்பு என்று இன்னொருவர். கடைசியில் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள், இரண்டு கிட்னியும் போய்விட்டது, கூடப்பிறந்தவர்கள் யாராவது ஒன்று கொடுத்தால் பிழைப்பான் என்று.

கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி மறுபடி எடுத்தார்கள், சேருகிறது என்றார்கள். நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். தம்பி பிழைப்பான் என்றால் கொடுக்க வேண்டியதுதானே. பயம் இருந்தது, அது வேறு.

கொடுத்த பிறகு சின்ன டாக்டர் ஒருவர் வந்து, மூன்று மாதத்துக்குத் தண்ணீர்க் குடம் கூடத் தூக்கக் கூடாது என்றார். குடம் இடுப்பில் வைப்பது, நான் தலையில்தான் தூக்குவேன், பரவாயில்லையா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, விலாவோரம் போட்ட தையலுக்குத் தலையும் இடுப்பும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் எதைச் சாப்பிடுவது என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது டீக்கடைக்காரர் மெதுவாக, எவ்வளவு கொடுத்தார்கள் என்று விசாரித்தார். அந்தக் காலத்தில் மெட்ராஸில் கிட்னியை விலைக்கு வாங்குகிறவர்கள் இருந்தார்கள், விற்கிற ஏழைகளும் இருந்தார்கள், அதனால் அவர் கேட்டது அவர் தப்பில்லை. எனக்குத்தான் முகத்தில் அடித்தது போல இருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்த புதிதில் ராஜ உபசாரம்தான். ஒருத்தி கஞ்சி, ஒருத்தி சுறாப் புட்டு, ஒருத்தி மொச்சைக் குழம்பு. எல்லோரும் வந்து என் விலாவைப் பார்த்தார்கள். பழவேற்காட்டிலிருந்து இறால் ஏஜென்ட் பாயின் வீட்டம்மாவே பிரியாணிச் சட்டியோடு வந்து, உனக்குப் பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு காற்று திரும்பி இறால் ஓட ஆரம்பித்தது. அவரவர் வேலைக்கு அவரவர் போனார்கள். அது நியாயம்தான். யார் எத்தனை நாள் இன்னொருத்தி வீட்டுக்குக் கஞ்சி சுமப்பார்கள்?

தம்பிக்குப் பங்கு வந்துகொண்டிருந்தது. அவன் படுத்திருக்கிற ஆள், முறைப்படி அவன் வீட்டுக்கு மீன் போனது. அதுவும் மாத்திரைக்கே சரியாக இருந்தது, அவனிடம் போய் நான் கை நீட்ட முடியாது. எனக்குப் பங்கு இல்லை, ஏனென்றால் என் வீட்டிலிருந்து ஏரிக்குப் போகிற ஆள் கிடையாது. எடுத்துக்கொண்டவனுக்கு லீவு, கொடுத்தவளுக்கு இல்லை. அரிசிப் பானையில் கை விட்டால் அடி தட்டியது. சின்னவள் பசிக்கிறது என்று அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

கிழிந்த வலை ஞாபகம் அப்போதுதான் வந்தது. நான் என்ன, அதைவிடக் குறைச்சலா? பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன், ஊரில் பேசிப் பங்கு கேட்கப்போகிறேன் என்று. அவள் காதில் போட்டால் ஊர் காதில் போட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் தண்ணீர்க் குழாயடியில் என் தம்பி பெண்டாட்டி காதுக்குப் போய்விட்டது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கரைக்காரி இல்லை. அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் அவள் அப்பா டீக்கடை வைத்திருந்தார். என் தம்பிக்கு டீ அவ்வளவு பிடிக்கும் என்று அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்தபோது மீன் நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். கூடை தலையில் ஏறியதே இல்லை. எனக்கும் அவளுக்கும் சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். பின்னால் குழாயடிப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"கிட்னிக்கு வாடக கேக்கறீங்களா அண்ணி?" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்காரரே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. என் உடம்பை அறுத்து அவள் புருஷனுக்குக் கொடுத்திருக்கிறேன், அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை. அன்றைக்கு மட்டும் அழுதேன். பிறகு, வாடகை என்கிற சொல்லை ஊர் நடுவில் வைத்தே உடைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பங்கு வராவிட்டால் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்காக யார் வீட்டிலாவது விட வேண்டியிருக்கும். வாடகை என்று வந்தால் நான் கிட்னி விற்றவள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

அம்மன் கோயில் முன்னால் வலை காயப்போடுகிற மணலில் ஊர் கூடும். பெண்கள் ஓரத்தில் நின்று கேட்கலாம், பேசுவது வழக்கமில்லை. நான் விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அதனால் நின்றேன். அதுவே நல்லதாகப் போயிற்று, அவர்கள் எல்லோரும் என்னை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

பெரியதனக்காரர், அதாவது எங்கள் ஊர்த் தலைவர், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

"நான் வாடக கேக்க வரல நைனா. விக்கவும் இல்ல. என் தம்பிக்கு நானாத்தான் குடுத்தேன், நாளைக்கி கேட்டாலும் குடுப்பேன். ஆனா வல கிழிஞ்சி வந்து கீது. தச்சி முடிக்கிற வரிக்கும் வலக்காரன் ஊட்டுக்குப் பங்கு போவுதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

தம்பியின் கூட்டாளிகளில் ஒருவர், நல்லவர்தான், எழுந்து சொன்னார். வலையை இரவல் வாங்கியது கூட்டு, அதனால் கூட்டு பங்கு தருகிறது. கிட்னியை வாங்கியது உன் தம்பி. அது உங்கள் குடும்ப விஷயம், அதில் கூட்டு எங்கே வந்தது என்று கேட்டார்.

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். அடுத்த மாதம் இறால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லப்போவது யார் என்று கேட்டேன். உங்கள் பாடு நாளில் வந்து நிற்கப்போவது அவன். அவனை நிற்க வைப்பது என்னுடையது. அவன் செத்திருந்தால் உங்கள் வலைக்குக் கண் போயிருக்கும். இப்போது அவன் வருவான், வந்தால் லாபம் கூட்டுக்கு, தையல் வலி மட்டும் எனக்கா?

யாரோ பின்னாலிருந்து, பொம்பளைக்குப் பங்கு கொடுத்த வழக்கமே இல்லை என்றார். பொம்பளையிடம் கிட்னி வாங்கிய வழக்கமும் இதற்கு முன்னால் இல்லை என்றேன். ஊர் சிரித்துவிட்டது. ஊர் சிரித்தால் பாதி முடிந்த மாதிரி.

பெரியதனக்காரர் நியாயம் தெரிந்தவர். கிழிந்த வலைக்கு உள்ள முறைதான் இதற்கும், டாக்டர் கூடை தூக்கலாம் என்கிற வரை பங்கு போகட்டும், அன்றைக்கே நிற்கட்டும் என்று சொன்னார். தம்பி போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை கூட்டாளி ஒருவர் வந்து, பெரிய மனுஷன் தோரணையில், பங்கு என்று சொல்லி என் வாசலில் ஒரு கூடை மீனை இறக்கிவிட்டுப் போனார். மடவை, கெழங்கான், கொஞ்சம் இறால், ஓடிக்கொண்டிருக்கிற நண்டு. நல்ல பங்கு, குறை சொல்ல முடியாது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடை தூக்கக் கூடாது என்பதற்காகப் பங்கு கேட்டவளுக்கு, ஊர் கூடி ஒரு கூடையைக் கொடுத்திருக்கிறது!

அவர்களைத் திட்டவும் முடியாது. ஆண்களுக்குப் பங்கு என்றால் மீன்தான். மீன் வீட்டுக்குப் போனால் அது சாயங்காலம் காசாகிவிடும். நடுவில் ஒருத்தி அதைத் தலையில் வைத்து நடக்கிறாள் என்பது அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. எனக்கும்தான் கோயில் மணலில் நின்றபோது தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லோரும் அவரவர் கூடையோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். வெயில் ஏறியது, ஈ மொய்த்தது. கூடையை நிழலுக்காவது தள்ளலாம் என்று குனிந்தேன். தையல் சுரீர் என்று இழுத்தது. கூடை அசையவில்லை.

நிமிர்ந்தால் தம்பி பெண்டாட்டி நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. மீனைப் பார்த்தாள், என் கை விலாவில் இருப்பதைப் பார்த்தாள். உள்ளே போய்க் கொடியில் கிடந்த பழைய துணியை எடுத்துச் சும்மாடு சுற்றினாள். அது கூட ஒழுங்காக வரவில்லை, முறுக்கு மாதிரி இருந்தது. தலையில் வைத்துக்கொண்டு கூடை முன்னால் உட்கார்ந்தாள்.

"தூக்கி விடுங்க அண்ணி," என்றாள்.

நிறைந்த கூடையை யாராலும் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது, ஒரு ஆள் தூக்கிவிட வேண்டும். அந்த ஒரு ஆளாகக் கூட என்னால் இருக்க முடியவில்லை. என்னால் முடியாதே என்றேன். அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது, என் முகத்தைப் பார்த்தாள். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னோம். அவர் வாய்க்குள் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார். மீன் தண்ணீர் அவள் நெற்றியில் ஒழுக, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு, டீக்கடைக்காரர் மகள் பழவேற்காடு பக்கம் நடந்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் தலைமுடியெல்லாம் செதில். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை என் பாயில் வைத்தாள். என்ன விலைக்கு விற்றாய் என்று கேட்டேன். சொன்னாள். அந்த விலைக்கு இறாலைக் கொடுப்பதற்கு ஏரியிலேயே விட்டிருக்கலாம் என்று கத்தினேன். கத்தும்போது தையல் வலித்தது, இருந்தாலும் கத்தினேன். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை மறுபடி வந்தாள்.

மார்க்கெட்டில் நடந்ததை என் பக்கத்து இடத்துக்காரி பிறகு சொன்னாள். என் இடத்தில் புதிதாக ஒருத்தி கூடையை இறக்கியதும் வரிசையே சண்டைக்கு எழுந்ததாம், யார் நீ, இது யார் இடம் தெரியுமா என்று. இவள் பயந்து நடுங்கிக்கொண்டு, "இந்த எடத்துக்காரிக்கு நான்தான் ஆளு" என்றாளாம். அப்புறம்தான் உட்கார விட்டார்களாம். தராசில் எப்படிக் கண் வைப்பது, பேரம் பேசுகிறவளை எப்படிப் போக விட்டுத் திருப்பிக் கூப்பிடுவது என்பதெல்லாம் அந்த வரிசையில் உட்கார்ந்து அவளாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் என்னைவிட அதிக விலைக்கு நண்டு விற்றுவிட்டு வந்தாள். எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் எரிச்சலும்தான்.

அந்த வாடகைப் பேச்சை ஒரு நாள் அவளே எடுத்தாள். காசை வைத்துவிட்டுக் கால் அலம்பிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"பயந்துட்டேன் அண்ணி. நீங்க கேக்க ஆரமிச்சீங்கன்னா அது எப்ப முடியும்னு தெரியல. அவரு மூச்சு விடற ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் கடன்னு ஆயிடுமேன்னு நெனச்சேன்."

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று. அவள் சொன்னதில் தப்பில்லை. நான் கேட்டது தையல் ஆறுகிற வரைக்கும்தான், ஆனால் கேட்கிறவளுக்கு அது தெரியும், பயப்படுகிறவளுக்கு எப்படித் தெரியும்? முடிகிற நாளை நானே காட்டுகிறேன் பார் என்று சொன்னேன்.

காட்டினேன். டாக்டர் தையலை அழுத்திப் பார்த்து, இனிமேல் தூக்கலாம், முதலில் பாதிக் கூடை என்று சொன்ன அன்றைக்கே, பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக் கூடப் போகாமல் பெரியதனக்காரரிடம் போனேன். வலை தண்ணீரில் இறங்கிவிட்டது, நாளையிலிருந்து பங்கு வேண்டாம் என்றேன். இன்னும் கொஞ்ச நாள் வாங்கிக்கொள்ளேன், யாரும் கேட்கப்போவதில்லை என்றார். முறை என்றால் முறை என்றேன். தம்பி அதற்குள் கரையில் நின்று கூட்டாளிகளுக்குத் திசை சொல்ல ஆரம்பித்திருந்தான். அவனிடமும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கையில் வீக்கம் இல்லை. சின்ன வயசில் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே கை மாதிரி இருந்தது.

பின்னாட்களில் எங்கள் ஊரில் ஒருவர் தன் மகனுக்குக் கிட்னி கொடுத்தார். அப்போது யாரும் கூட்டம் போடவில்லை, பேசவும் இல்லை. அவர் வீட்டுக்குப் பங்கு போனது, கூடவே அதை விற்க ஒரு ஆளும் போனது. அந்த இரண்டாவது விஷயத்தை ஊர் கற்றுக்கொண்டது என் வாசலில் ஈ மொய்த்த கூடையைப் பார்த்துத்தான்.

பங்கை நிறுத்திய மறுநாள் கரையில் என் காசுக்கு என் மீனை எடுத்தேன். பாதிக் கூடைதான். சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு, தூக்கிவிட யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி பெண்டாட்டி வந்தாள். இடுப்பில் அவளுடைய கூடை, அது புதுசு, அதில் நிறைய மீன். அவள் சும்மாடு இப்போது அழகாக உருண்டையாக இருந்தது.

நேற்றே எல்லாம் முடிந்துவிட்டதே, அவன் உனக்குச் சொல்லவில்லையா, இனிமேல் நீ வர வேண்டாம் என்றேன்.

"பங்குதான வேணாம்னு சொன்னீங்க அண்ணி. ஆளு வேணாம்னு சொல்லலியே," என்றாள்.

சொல்லிவிட்டு அவள் கூடையை என் முன்னால் மணலில் வைத்து உட்கார்ந்தாள். தூக்கி விடுங்கள் என்றாள், முதல் நாள் கேட்ட மாதிரியே. நான் குனிந்து ஒரு பக்கம் பிடித்தேன், அவள் ஒரு பக்கம் பிடித்தாள். விலாவில் லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கூடை மேலே ஏறி அவள் தலையில் உட்கார்ந்தது. பிறகு பாதிக் கூடைதானே என்று என்னுடையதை நானே தலையில் ஏற்றிக்கொண்டேன், பொன்னேரி பஸ் புறப்படுகிற நேரம் ஆகிவிட்டதால் இரண்டு பேரும் வேகமாக நடந்தோம்.